மினியேச்சர் அடித்தட்டில் வெண்பனி: வன்னியின் மாரியையும் வெக்கையையும் தாங்கும் ஒரு முறை

பரந்தனைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. கனடாவிலுள்ள மாமா அனுப்பிவைத்த 28 மி.மீ. அளவு மினியேச்சர்கள் அவரிடம் இருக்கின்றன. அவை சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான 1939–40 குளிர்காலப் போரில் பங்குகொண்ட பின்லாந்துப் படைவீரர்களின் சிறு உருவங்கள். மேசை விளையாட்டுக்காக அவை நிற்கும் சிறு தட்டுகளில் (அடித்தட்டுகளில்) வெண்பனி, அதாவது வெளிநாட்டில் இருக்கும் எமது உறவுகள் ஸ்னோ என்று சொல்வது, படிந்திருப்பதுபோலச் செய்ய விரும்பிய அவர், வீடியோவொன்றில் பார்த்தபடி அப்பச்சோடாவையும் பைண்டர் கம் என்னும் வெள்ளைப் பசையையும் குழைத்துப் பூசியிருக்கிறார். புரட்டாதியில் பளிச்சென்று இருந்த பனி, மார்கழிக்குள் மஞ்சள் பூத்து, ஆங்காங்கே கட்டிபட்டு, ஓரங்களில் கழன்றுவிட்டது. வெளிநாட்டு ஆயத்தப் பொருட்களை நம்பியிராமல் இங்குள்ள கடைகளில் கிடைப்பவற்றைக் கொண்டு உண்மையான பனிபோலத் தோன்றும் ஒன்றைச் செய்ய முடியுமா, செய்தால் அது அடுத்த மாரியைத் தாங்குமா என்று கேட்கிறார்.

முடியும், தாங்கும். ஆனால் எந்தத் தூளை வாங்குவது என்பதற்கு முன்னால், பனி ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லா முடிவுகளையும் நீங்களே எடுத்துவிடலாம்.

பனிக்கட்டி தன்னளவில் வெள்ளையன்று. அது நிறமற்றது, ஒளிபுகும் பொருள். பனித்துகள்களுக்கு இடையே காற்று சிக்கியிருப்பதனால், ஒளி துகளிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து அடுத்த துகளுக்கும் மாறிமாறிச் செல்லும் ஒவ்வொரு எல்லையிலும் திசைதிரும்பிச் சிதறுகிறது. எல்லா நிறங்களும் ஏறக்குறைய சமமாகச் சிதறி வெளியே வருவதால்தான் எமது கண்ணுக்கு அது வெண்மையாகத் தெரிகிறது. புதிதாக விழுந்த பனியின் கனவளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுத்தான். அதே பனி உருகி, அந்த இடைவெளிகளில் நீர் புகுந்தவுடன், சிதறல் குறைந்து சாம்பல் நிறமாகவும் அரைகுறையாக ஒளிபுகுவதாகவும் மாறிவிடுகிறது.

மேசையிலிருக்கும் தூளுக்கும் இதே விதிதான். வெண்கட்டியைப் பொடித்தால் உலர்ந்த நிலையில் நல்ல வெள்ளையாக இருக்கும்; அதை பைண்டர் கம்மில் குழைத்துக் காயவிட்டால் மங்கிப்போகும். முறிவுச் சுட்டி என்பது ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு. இத்தகைய தூள்களில் அது ஏறக்குறைய 1.5 முதல் 1.6 வரை, காற்றில் 1.0, காய்ந்த பசையில் ஏறக்குறைய 1.47. தூளைச் சுற்றிக் காற்று இருக்கும்போது வித்தியாசம் பெரிது, பசை இருக்கும்போது வித்தியாசம் மிகச் சிறிது, ஆகவே ஒளி சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. வெள்ளைப் பெயின்றில் இருக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் முறிவுச் சுட்டி 2.5க்கும் மேல் என்பதால் அது பசைக்குள் மூழ்கியும் வெள்ளையாகவே நிற்கிறது. இதிலிருந்து இரண்டு விடயங்கள் பெறப்படுகின்றன. அடியிலுள்ள பசைக்கலவைக்கு வெண்மையைத் தருவது பெயின்றாக இருக்க வேண்டும். மேற்பரப்பின் வெண்மையைத் தருவது, பசையில் நனையாத, காற்றுச் சூழ்ந்த உலர்தூளாக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடியோக்கள் தூள், பசை, பெயின்ற் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ஒரே தடவையில் பூசச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் கிடைப்பது வெள்ளையடித்த சீமெந்துத் தரைதான்.

இனி உங்கள் அப்பச்சோடாவுக்கு வருவோம். அது சோடியம் இருகாபனேற்று. நீரில் கரையக்கூடியது, காரத்தன்மை உடையது. பைண்டர் கம்மோ பொதுவாகச் சற்று அமிலத்தன்மை உடையது. இரண்டும் சேரும்போது சிறிதளவு காபனீரொட்சைட்டு வெளியேறி நுண்குமிழ்களை உண்டாக்குகிறது. அந்த நேரத்தில் அது பஞ்சுபோலப் பொங்கி அழகாகத் தெரிவதும் இதனால்தான். ஆனால் உள்ளே கரைந்தும் கரையாமலும் கிடக்கும் சோடா, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து, வெயில் எறிக்கும் நாட்களில் மறுபடி காய்ந்து, இப்படி மாறிமாறிப் போய்க் கட்டிபடுகிறது. காரத்தன்மை பசையையும் மெதுவாகச் சிதைக்கிறது. மஞ்சளடிப்பது இந்தக் கலவையைப் பயன்படுத்துகிற எல்லா நாட்டவருக்கும் பழக்கமான குறைபாடு. வாடைக்காற்றோடு வரும் ஈரமும், தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வைகாசியில் ஏறும் சூடும் அதை இங்கே விரைவுபடுத்துகின்றன. உங்கள் கைவேலையில் பிழை இல்லை, பொருள்தான் பொருந்தாதது.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் ஆனையிறவால் போய்வருகிற எவருக்கும் உப்பளத்தில் குவிந்திருக்கும் வெள்ளையைக் கண்டதும் அந்த எண்ணம் வரும். பார்வைக்கு அது பொருத்தமானதே. ஆனால் சார் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கிவிடும், எமது மாரிகால இரவுகளில் ஈரப்பதன் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. உலோக மினியேச்சராக இருந்தால் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். சீனி, அரிசிமா, கோதுமைமா என்பன எறும்பையும் பூஞ்சணத்தையும் அழைத்துவரும். முகத்துக்குப் போடும் பவுடர் மிக நுண்ணியது என்றாலும் பசையில் பட்டவுடன் நிறம் போய்விடுகிறது, வாசனை வேறு. வெற்றிலைச் சுண்ணாம்பு கடும் காரம், காய்ந்தால் வெடிக்கும். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிடலாம்.

தேவைப்படுவது நீரில் கரையாத, ஈரத்தை இழுக்காத, பசையோடு வினைபுரிந்து தொல்லைதராத ஒரு வெள்ளைத் தூள். வன்னியில் அதற்கு மிக எளிதான வழி, விவசாயப் பொருட்கள் விற்கும் கடையில் தென்னைக்குப் போடுவதற்காகக் கிடைக்கும் டொலமைட். அது கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் காபனேற்று, விலை மலிவு, ஒரு கிலோ வாங்கினால் உங்கள் முழுப் படைக்கும் போதும். கடைக்குக் கடை நிறம் வேறுபடும், சில சமயம் சற்றுச் சாம்பல் நிறமாக இருக்கும். அப்படியானதைத் தட்டில் முதலில் பூசும் அடிக்கலவைக்கு வைத்துக்கொண்டு, அதன்மேல் உலர்வாகத் தூவும் மேல்தூவலுக்குப் பாடசாலை வெண்கட்டியை உரலில் இடித்து எடுத்த தூளைப் பயன்படுத்தலாம். மாபிள் வெட்டும் இடங்களில் கிடைக்கும் தூளும் நல்லதுதான், ஆனால் அதே வாளால் கருங்கல்லையும் வெட்டுகிறவர்களிடம் வாங்கவேண்டாம். கருங்கல்லில் சிலிக்கா உண்டு, அந்தத் தூசி சுவாசப்பைக்குக் கேடானது. எந்தத் தூளை அரிக்கும்போதும் முகக்கவசம் அணிவது அவசியம். கண்ணாடியை உடைத்துப் பொடியாக்கிப் பனி செய்யும் முறையும் ஒன்று உண்டு. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அதை நினைத்தும் பார்க்கவேண்டாம்.

தூளின் நிறத்தைவிட அதன் பருமன் முக்கியமானது. 28 மி.மீ. மினியேச்சர் ஏறக்குறைய 1:56 என்ற அளவுத்திட்டத்தில் அமைந்தது. அதாவது அடித்தட்டில் 1 மி.மீ. என்பது நிலத்தில் 5.6 சென்ரிமீற்றர். உங்கள் தூளில் அரை மில்லிமீற்றர்ப் பருமனுள்ள ஒரு மணி இருந்தால், அந்தச் சிறிய வீரருக்கு அது கிட்டத்தட்ட 3 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள ஆலங்கட்டி. உண்மையில் 3 மி.மீ. அளவான பனித்துகள் ஒன்று இந்த அளவுத்திட்டத்தில் 0.05 மி.மீ. ஆகிவிடுகிறது; கண்ணால் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத அளவு அது. ஆகவே கண்ணுக்கு மணிமணியாகத் தெரிகிற எந்தத் தூளும் மேற்பரப்புக்கு உதவாது. தேயிலை வடியின் துளைகள் இதற்குப் போதாது. தூளை வெயிலில் நன்றாகக் காயவைத்து, பழைய வொயில் சேலைத் துண்டை இரண்டாக மடித்து அதில் ஒரு கரண்டியளவு தூளைப் பொட்டளமாகக் கட்டி, சுத்தமான கடதாசியின்மேல் மெதுவாகத் தட்டுங்கள். துணியினூடாக இறங்குவது மட்டுமே மேல்தூவலுக்கு உரியது. உள்ளே எஞ்சுவது அடிக்கலவைக்குப் போகட்டும்.

ஆழத்துக்கும் இதே கணக்கு. முழங்கால் அளவுப் பனி என்று நினைத்து 9 மி.மீ. உயரத்துக்குப் பூசினால் மினியேச்சரின் கால்கள் புதைந்து, சிற்பி செதுக்கிய சப்பாத்தும் பனிச்சறுக்குப் பட்டையும் காணாமற்போய்விடும். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றருக்குள் நின்றால் அது நிலத்தில் 6 முதல் 17 சென்ரிமீற்றர் வரையான பனி. விளையாட்டுக்கும் பார்வைக்கும் அதுவே போதும். இன்னும் ஆழமான பனி வேண்டுமென்றால், கல்லொன்றின் பின்புறத்திலோ விழுந்துகிடக்கும் மரத்தின் ஓரத்திலோ ஒதுங்கிக் குவிந்ததாக ஓரிடத்தில் மட்டும் காட்டுங்கள். அந்தக் குவியலுக்கு றிஜிபோம் என்னும் வெள்ளை நுரைப்பலகைத் துண்டை வெட்டி ஒட்டலாம். ஆனால் றிஜிபோமில் சுப்பர் குளூவும் ஸ்பிறே பெயின்றும் படக்கூடாது, இரண்டும் அதைக் கரைத்துவிடும். பைண்டர் கம் மட்டும் போதும்.

பிணைக்கும் பொருளாக பைண்டர் கம்மைவிட அக்ரிலிக் வகையைச் சேர்ந்ததே நல்லது, ஏனெனில் அது மஞ்சளடிப்பது மிகக் குறைவு. ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் மட் மீடியம் என்னும் மினுக்கமில்லாத அக்ரிலிக் பசை கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால், சுவருக்குப் பூசும் வெள்ளை எமல்ஷன் பெயின்றில் மிகச் சிறிய டப்பா ஒன்று போதும். அதில் பிணைப்பும் வெண்மையும் ஒன்றாகவே இருக்கின்றன, மினுக்கமும் இல்லை. கதவுக்கும் யன்னலுக்கும் அடிக்கும் வெள்ளை எனாமலை மட்டும் எடுக்கவேண்டாம். எண்ணெய் சார்ந்த அந்த வெள்ளை காலப்போக்கில் மஞ்சளடிக்கும், அதுவும் பெட்டிக்குள் இருட்டில் வைத்தால் இன்னும் விரைவாக.

பனிக்கு முன்னால் நிலம். மினியேச்சரை முழுவதுமாகப் பெயின்ற் செய்து, மட் வானிஷும் அடித்து முடித்த பின்னரே பனிக்கு வரவேண்டும். பனியின்மேல் வானிஷ் அடித்தால் தூள் நனைந்து, மேலே சொன்ன காரணத்தால் வெண்மை போய்விடும். அடித்தட்டில் ஒட்டும் மணலைப் பற்றியும் கவனம் தேவை. முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்கரை மணலென்றால் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி உப்பை நீக்கவேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அடியிலிருந்து ஈரம் பூக்கும். எமது செம்மண்ணை அதன் நிறத்தோடு அப்படியே விட்டுவிடுவதும் பொருந்தாது. பின்லாந்தின் காட்டுத்தரை இலைகுழை மக்கிய கடும் மண்ணிறமும் கருமையும் கலந்தது. ஆகவே கறுப்போடு கலந்த மண்ணிறத்தை அடித்து, மேடுகளில் மட்டும் வெளிறிய சாம்பல் நிறத்தை, பெயின்றைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த உலர்தூரிகையால் தொட்டுவிடுங்கள். காய்ந்த புல்லுக்குத் தேங்காய்த் தும்பு போதும். மூன்று நான்கு இழைகளைச் சேர்த்து நிறுத்தி, வெளிறிய வைக்கோல் நிறம் கொடுத்தால், பனிக்குள்ளிருந்து தலைநீட்டும் குளிர்காலப் புல்லாக அது சரியாகப் பொருந்தும்.

அடிக்கலவையின் அளவு இது: வெள்ளை எமல்ஷன் அல்லது அக்ரிலிக் பெயின்ற் இரண்டு பங்கு, மட் மீடியம் ஒரு பங்கு, அரித்த டொலமைட் நான்கு பங்கு. மட் மீடியம் கிடைக்காதவர்கள் எமல்ஷனையே மூன்று பங்காக எடுக்கலாம். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் பதம் வரவேண்டும். தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். இதில் ஊசிமுனையளவு நீலப் பெயின்ற் சேருங்கள். ஆழ்ந்த பனியின் பிளவுகளும் நிழலும் நீலம் பாய்ந்து தெரிவதற்கு, பனிக்கட்டி சிவப்பொளியைச் சற்றுக் கூடுதலாக உறிஞ்சுவதும், நிழலில் வானத்தின் ஒளி மட்டுமே விழுவதும் காரணங்கள். சில மில்லிமீற்றர்த் தூளில் அந்த நீலம் இயற்கையாகத் தோன்ற வழியில்லை என்பதால் நாம்தான் அதை வைக்கவேண்டும். வெள்ளைத் தாளொன்றின் அருகே வைத்துப் பார்த்தால் மட்டும் நீலம் தெரியவேண்டும், தனியாகப் பார்த்தால் தெரியக்கூடாது. இந்தச் சோதனையைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், வீட்டு எல்.ஈ.டி. விளக்குகள் பலவற்றின் ஒளியிலேயே நீலம் உண்டு.

கலவையைப் பல்லுக்குத்தும் குச்சியாலோ பழைய தூரிகையின் பின்முனையாலோ வையுங்கள். தட்டு முழுவதையும் மூடவேண்டாம். என்னுடைய எண்ணத்தில், 32 மி.மீ. தட்டொன்றில் மூன்றிலொரு பங்கு மண்ணும் புல்லும் தெரிந்தால்தான் மீதி இடம் பனியாகத் தோன்றும்; முழுவதும் வெள்ளையாக இருந்தால் பெயின்ற் பூச மறந்த தட்டென்றே பார்ப்பவர் நினைப்பார். காலடித்தடம் வேண்டுமென்றால், கலவை தொட்டால் ஒட்டாமலும் அழுத்தினால் பதியக்கூடியதாகவும் இருக்கும் இடைநிலையில், உதிரியாக இருக்கும் மினியேச்சரின் காலை நனைத்து அழுத்துங்கள். தடத்தின் அடி சற்றுக் கடுமையாகவும் நீலமாகவும் இருக்கட்டும், அங்கே தூள் தூவவேண்டியதில்லை.

அடுத்ததுதான் முழு வேலையின் நுணுக்கமான கட்டம். அடிக்கலவை முற்றாகக் காய்ந்த பின்னர், அதன்மேல் மட் மீடியத்தை மெல்லிய படையாகத் தடவுங்கள். உடனே தூவக்கூடாது. பசை திரவமாக இருக்கும்போது தூள் விழுந்தால், துகள்களுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளினூடாகப் பசை மேல்நோக்கி ஊறி, காற்றை வெளியேற்றி, மேற்பரப்பைச் சாம்பலாக்கிவிடும். விரல்நுனியை வைத்து எடுத்தால் ஒட்டி இழுக்கும் அளவுக்கு அது இறுகும்வரை பொறுத்திருங்கள். சோளகம் வீசும் காலத்தில் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும், மழைக்காலத்தில் அதைவிடப் பலமடங்கு நேரம் எடுக்கும். பிறகு வொயில் பொட்டளத்தை ஓர் அடி உயரத்தில் பிடித்து, மற்றக் கையின் விரலால் சுண்டிச்சுண்டித் தட்டுங்கள். மேலிருந்து நேராக விழும்போது தூள் கல்லின் தலையிலும், கொப்புகளின் மேற்புறத்திலும், புல்லின் நுனியிலும் தங்கி, செங்குத்தான பக்கங்களில் தங்காமல் விடும். உண்மையான பனியும் அப்படித்தான் படிகிறது. இந்தத் தோற்றத்தைத் தூரிகையால் வரைந்து பெற முடியாது. ஒரு மணிநேரம் விட்டு, தட்டைக் கவிழ்த்து அடியில் தட்டி, ஒட்டாத தூளை உதிர்த்துவிட்டு, இன்னுமொரு முறை மிக மெல்லியதாகத் தூவுங்கள். அதை நிலைநிறுத்துவதற்காக எதையும் அடிக்கவேண்டாம். கையாளும்போது கொஞ்சம் உதிரத்தான் செய்யும். தட்டின் விளிம்பில் பிடித்துத் தூக்கப் பழகினால் அது மிகக் குறைவு.

பனி எங்கே தங்கும், எங்கே தங்காது என்பதில்தான் எம்மவர் பலர் சறுக்குகிறார்கள், அதற்குக் காரணம் இங்கே யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை என்பதே. வெளிநாட்டிலிருக்கும் உறவுகளிடம் படம் கேட்டால், அவர்கள் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்புவார்கள். அது உதவாது. வேலிக்கம்பத்தின் அடி, மதிலும் நிலமும் சேரும் மூலை, மரத்தின் வேர்ப்பகுதி, நடைபாதையின் ஓரம் ஆகியவற்றைக் குந்தியிருந்து கிட்ட எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காற்று வீசும் பக்கத்தில் பனி அரிக்கப்பட்டு, மறுபக்கத்தில், காற்று வேகம் குறையும் இடத்தில், சரிந்து குவிந்திருப்பதை அவற்றில் காண்பீர்கள். அடர்ந்த கிளைகள் பனியை ஏந்திக்கொள்வதால் ஊசியிலை மரத்தின் அடியில் பனி குறைவாக இருக்கும். விளையாட்டில் ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு திசையை நோக்கி நிற்பதால், எல்லாத் தட்டுக்கும் ஒரே காற்றுத்திசை என்று வைக்க முடியாது. ஆனால் ஒரே தட்டுக்குள் இரண்டு கற்களின் குவியல்கள் இரண்டு வேறு திசைகளில் இருக்கக்கூடாது. மினியேச்சரின் உடலில் பனி வைப்பதிலும் நிதானம் வேண்டும். அசைந்துகொண்டும் உடற்சூட்டோடும் இருக்கும் மனிதனின் தோளிலும் தொப்பியிலும் பனி குவிந்து நிற்காது. சப்பாத்திலும் அங்கியின் கீழ் விளிம்பிலும் சிறிது இருந்தால் போதும்.

உங்கள் படைக்கு ஒரு தனிக் குறிப்பு. குளிர்காலப் போர் 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை நடந்தது. அந்தக் குளிர்காலத்தில் வெப்பநிலை மறை 40 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கியது. அத்தகைய கடுங்குளிரில் பனி உலர்ந்த தூளாகத்தான் இருக்கும், உருண்டை பிடிக்கக்கூட வராது. ஆகவே பளபளக்கும் சேற்றுப்பனி, சொட்டுகிற நீர், ஓரங்களில் உருகிய குட்டை என்பவற்றை இந்தத் தட்டுகளில் வைத்தால் அந்தக் காலத்தோடு ஒட்டாது. வேறொரு படைக்கு, எடுத்துக்காட்டாக 1941 ஒக்ரோபரில் மொஸ்கோவை நோக்கிய பாதைகளில் சேற்றில் புதைந்து நின்ற படைகளுக்கு, அவை மிகப் பொருத்தம். அங்கே மேலே சொன்ன விதியைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள்: தூளின் ஓரங்களில் மினுக்க வானிஷை வேண்டுமென்றே ஊறவிட்டால், காற்று வெளியேறி, அது ஈரமாகிச் சாம்பலித்த பழைய பனியாக மாறிவிடும். உறைந்த குட்டைக்குக் கருநீலச் சாம்பலின்மேல் மினுக்க வானிஷை மெல்லிய படைகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின்னர் அடுத்ததாக, ஏற்றி, இடையிலொரு படையில் வெள்ளைக் கீறல்களை வரையுங்கள். அரல்டைட் என்னும் எப்பொக்சிப் பசையை ஊற்றினால் வேலை விரைவில் முடியும், ஆனால் அதன் மஞ்சள் சாயலைப் பிறகு மறைக்க முடியாது.

சுப்பர் குளூவைப் பற்றி இரண்டு விடயங்கள். முதலாவது எச்சரிக்கை: பாலன் குடிலில் பனிக்காக வைக்கும் பஞ்சை மினியேச்சருக்கும் வைக்கலாம் என்று எண்ணி அதில் சுப்பர் குளூவை ஊற்றவேண்டாம். பருத்தியும் அந்தப் பசையும் சேர்ந்தால் கடும் சூடு பிறக்கும். விரல் வெந்துபோகும், புகையும் கிளம்பும். இரண்டாவது, ஒரு குறையையே பயனாக்கும் வழி. ஈரமான நாட்களில் சுப்பர் குளூவின் ஆவி பக்கத்திலுள்ள கடுநிறப் பரப்புகளில் வெள்ளையாகப் படியும். வழக்கமாக அது வேலையைக் கெடுக்கும் தொல்லை, ஆனால் மறை 40 பாகையில் நிற்கும் துவக்கின் உலோகத்துக்கு உறைபனி பூத்த தோற்றத்தை அது இலவசமாகத் தந்துவிடுகிறது. பழைய உதிரித் துண்டொன்றை மூடிய டப்பாவுக்குள் ஒரு துளி பசையோடு இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் நல்ல மினியேச்சருக்குப் போகலாம். ஸ்பிறே வானிஷ் ஈரமான நாளில் வெள்ளையாகப் பூப்பது வேறு காரணத்தால்: கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதில் ஒடுங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஸ்பிறே வானிஷைத் தொடாமல் தூரிகையால் பூசுவதே நல்லது. முழு வேலையையும் மாசி, பங்குனிக்கு ஒத்திவைக்க முடிந்தால் அதைவிட நல்லது.

வெளிநாட்டுப் பொருள் ஒன்றே ஒன்று வரவழைக்கலாம் என்றால் நான் கேட்பது, ஆயத்தப் பனிக்கலவையை அல்ல, உள்ளீடற்ற நுண்கண்ணாடிக் கோளத் தூளை. ஒவ்வொரு கோளத்துக்குள்ளும் வாயு அடைபட்டிருப்பதால் அது பசைக்குள் மூழ்கியும் வெண்மையை இழப்பதில்லை. பைபர் கிளாஸ் வேலைக்காரர்கள் ரெசினைப் பாரமற்றதாக்கச் சேர்க்கும் நிரப்பியும் இதுதான் என்பதால், முல்லைத்தீவில் வள்ளம் பழுதுபார்க்கிறவர்களிடம் முதலில் விசாரித்துப் பார்ப்பதிலும் தவறில்லை. மிக இலேசானது, மூச்சோடு உள்ளே போகும், முகக்கவசமின்றித் திறக்கக்கூடாது. ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடுவதானால், கடையில் வாங்கிய போத்தலைச் சீட்டோடு, உடைக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர் எதுவுமில்லாத பொலித்தீன் பையில் வெள்ளைத் தூளோடு கட்டுநாயக்காவில் வந்திறங்கும் மாமாவின் நிலைமையை நான் விளக்கவேண்டியதில்லை.

முடித்தவற்றைத் திறந்த இறாக்கையில் வைக்கவேண்டாம். சோளகத்தோடு வரும் செம்புழுதி பனியில் படிந்து இளஞ்சிவப்பாக்கிவிடும், அதைக் கழுவி எடுக்க வழியில்லை. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியொன்றில், சப்பாத்துப் பெட்டிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பைகளை இரண்டு மூன்றாகப் போட்டு வையுங்கள். அவை ஈரம் குடித்து நிறைந்துவிடும் என்பதால் மாரிக்கு முன்னர் புதியவற்றை மாற்றுவது நல்லது. தட்டுகளைப் பொறுத்தவரை, மரத்தூள் அட்டையில் வெட்டியவை ஈரக்கலவை பட்டதும் வளையும், கறையானுக்கும் விருந்து. சோடாப் போத்தல் மூடிகள் ஏறக்குறைய 30 மி.மீ. குறுக்களவுள்ளவை, அவற்றின் விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தினால் போதிய தட்டு கிடைத்துவிடும்.

மஞ்சளடித்துவிட்ட தட்டுகளை எறிந்துவிடவேண்டாம். மினியேச்சரைத் தட்டிலிருந்து பிரித்தெடுக்க முடிந்தால் முதலில் பிரித்துவிடுங்கள். பிறகு தட்டை இளஞ்சூடான தண்ணீரில், சிறிதளவு வினாகிரி சேர்த்து, ஒரு மணிநேரம் ஊறவிடுங்கள். சோடா நுரைத்துக் கரையும், பைண்டர் கம் வெளுத்து இளகும், பழைய பற்தூரிகையால் தேய்த்தால் படையாகக் கழன்றுவரும். பிரிக்க முடியாவிட்டால், அதே கரைசலைப் பஞ்சில் நனைத்துப் பனியின்மேல் மட்டும் வைத்து, இளகியவுடன் குச்சியால் சுரண்டுங்கள். மினியேச்சரின் கால்களில் பெயின்ற் சற்றுப் போனால் பிறகு தொட்டுக்கொள்ளலாம். கடைசியில் வெறும் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, வினாகிரி மணம் முற்றாகப் போகும்வரை நிழலில் காயவைத்து, கடும் மண்ணிறத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். டொலமைட் அமிலத்தோடு வினைபுரியும் என்பதால், கழுவுவதில் மட்டும் அவசரப்படவேண்டாம்.